பின்மாடியில் கிடக்கும் ஆறு தெருவிளக்குகள்

நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், கடைத்தெருவைச் சுற்றிப் பழைய கட்டடங்களை வைத்துப் பராமரிக்கும் மற்றச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கூரை பழுதுபார்ப்பதற்காகப் பின்மாடி அறையைக் காலி செய்தபோது, கிழிந்த ஜமுக்காளங்களுக்கும் கால் ஒடிந்த நாற்காலிகளுக்கும் அடியிலிருந்து ஆறு பழைய தெருவிளக்குகள் வெளியே வந்தன. அவற்றை என்ன செய்வது என்று போன மாதக் கூட்டத்தில் பேசினோம். காப்பிக்கடை அலங்காரத்துக்காக ஒரு வியாபாரி ஆறுக்கும் சேர்த்து 3,000 ரிங்கிட் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்த இன்னொரு யோசனை, அவற்றுக்குத் தங்க நிறம் அடித்து, நிறம் மாறும் எல்இடி பட்டையை உள்ளே ஒட்டி, தீபாவளிக்குள் முகப்பில் வரிசையாக மாட்டிவிடலாம் என்பது. அன்று பேச எழுந்தேன். நேரமாகிவிட்டதால் கூட்டம் கலைந்துவிட்டது. இந்தச் சிக்கல் நம் ஒரு கட்டடத்தோடு நிற்பதில்லை என்பதால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த விளக்குகளை விற்க வேண்டாம், தங்கம் பூசவும் வேண்டாம். நம் கட்டடச் சுவரிலேயே, அஞ்சடியையும் (கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதை) தெருவையும் பார்த்தபடி, தெருவிளக்காகவே எரிய விடுங்கள்.

கூட்டத்தில் அவற்றைப் பழைய இரும்பு என்றே எல்லோரும் சொன்னோம். அருகில் உட்கார்ந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. ஆறும் ஒரே அச்சு. அகன்ற தட்டைக் கவிழ்த்தது போல ஒரு குடை, வெளியே கரும்பச்சை, உள்ளே வெள்ளை எனாமல். பாட்டி வீட்டு மங்குத் தட்டில் இருக்குமே, அதே பூச்சு. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின் மேல் உருக்கிப் படிய வைப்பது அது. பினாங்கு வெயிலுக்கு வெளுக்காது, கடற்காற்றுக்கும் அசையாது. ஏதாவது பட்டுச் சில்லாகத் தெறித்தால் தெறித்த இடத்தில் மட்டும் துரு பிடிக்கும். நம் ஆறு குடைகளையும் துடைத்துப் பார்த்தேன், நான்கில் உள்வெள்ளை இன்னும் முகம் பார்க்கிற அளவு பளபளக்கிறது.

உள்ளே பீங்கான் ஹோல்டர். இரண்டு விளக்குகளில் ரப்பர் கம்பியின் மேல் பருத்தி நூல் சுற்றியிருக்கிறது. மற்ற நான்கில் பிவிசி கம்பி ஓடுகிறது, பாதரச விளக்குக்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்குப் பெட்டியும் இருக்கிறது. குண்டு பல்புக்காகச் செய்த விளக்கைப் பின்னாளில் பாதரச விளக்காக மாற்றியிருக்கிறார்கள். அதாவது அந்த நான்கும் ஏற்கெனவே ஒருமுறை மறுபிறவி எடுத்தவை. நாம் செய்யப் போவது இரண்டாவது முறை, அவ்வளவுதான்.

இவை நம் கட்டடத்துக்கு எப்படி வந்தன என்பது இளையவர்களுக்குத் தெரியாது. என் அப்பா மாநகரசபையின் மின்சாரப் பகுதியில் ஏணிக்காரராக இருந்தார். அப்போது ஜார்ஜ்டவுனுக்கு மின்சாரம் கொடுத்ததே மாநகரசபைதான். 1961 வரை ஓடிய ட்ராலி பஸ்ஸும் அந்த மின்சாரத்தில்தான் ஓடியது. தெருவிளக்குகளை மாற்றும்போது கழற்றிய பழையவற்றைக் குவியலாக ஏலம் விடுவார்கள். அப்படி ஒரு குவியலை, அந்தப் பகுதியில் வேலை செய்த நம் சங்க உறுப்பினர்கள் நாலைந்து பேர் கைக்காசு போட்டு எடுத்தார்கள். "நம்ம கட்டட முகப்புக்கு ஆகும்" என்று சொல்லித்தான் எடுத்தார்களாம், அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். அப்புறம் ஏனோ நடக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றார்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். விளக்குகள் ஜமுக்காளத்துக்கு அடியில் போயின. ஆகவே முகப்பில் மாட்டுவது என் யோசனை இல்லை. அவர்கள் போட்ட திட்டத்தை முடித்துவைக்கச் சொல்கிறேன்.

நம்மவர்களுக்கும் இந்த நாட்டு மின்சாரத்துக்கும் உள்ள உறவு பலருக்கு மறந்தே போய்விட்டது. 1894-இல் சிலாங்கூரின் ரவாங்கில் ஈயச் சுரங்க வேலைக்காக மின்சார ஜெனரேட்டர் வைத்தவர்கள் லோக் யூ என்ற சீன முதலாளியும் தம்புசாமிப் பிள்ளையும். மலாயாவின் மின்சார வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தையும் பத்துமலைக் கோயிலையும் நிறுவியவர் என்று நாம் நினைக்கும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். பினாங்கில், பாடாங் திடல் ஓரமாக 1903-இல் கட்டி முடித்த மாநகர் மண்டபம், மின்விளக்கும் மின்விசிறியும் முதலில் கண்ட கட்டடங்களில் ஒன்று. முதலீடு போட்டவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கேபிளுக்குப் பள்ளம் தோண்டியவர்கள், கம்பத்தில் ஏறியவர்கள், அந்தி சாயும் நேரத்தில் எந்த விளக்கு எரியவில்லை என்று சைக்கிளில் சுற்றிப் பார்த்தவர்கள், இவர்களில் ஏகப்பட்ட பேர் தமிழர்கள். அவர்கள் கை பட்ட பொருளாக நம்மிடம் இருப்பது இந்த ஆறு குடைகள். 3,000 ரிங்கிட்டுக்குப் போனால், அடுத்த வாரமே ஏதோ ஒரு காப்பிக்கடைச் சுவரில் கதை தெரியாத அலங்காரமாகத் தொங்கும். அந்தப் பணம் நம் கூரைச் செலவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

பழைய தெருவிளக்கைக் கட்டட வெளிச்சமாக்குவது உலகத்தில் புதிதும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கலை அருங்காட்சியகத்தின் முன்னால், 1920களிலும் 30களிலும் அந்தப் பக்கத்துத் தெருக்களில் நின்ற 202 விளக்குக் கம்பங்களைச் சேகரித்து, வரிசை வரிசையாக நிறுத்திவைத்தார் கிறிஸ் பர்டன் என்ற கலைஞர். 2008 முதல் அவை இரவில் எரிகின்றன. இருட்டியதும் ஊரே அங்கே வந்து நிற்கிறது. எல்லாக் கம்பத்துக்கும் ஒரே சாம்பல் நிறம் அடித்தார் என்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அது அவர் கலை. நம் எனாமல் குடையின் மேல் தூரிகை படவே கூடாது.

பெர்லினில் நடந்தது வேறு கதை. அங்கே டியர்கார்டன் பூங்காவில் 1978-இல் பழைய வாயு விளக்குகளுக்கென்றே திறந்தவெளி அருங்காட்சியகம் அமைத்தார்கள். பல ஊர்களின் விளக்குகள் பாதையோரமாக எரிந்துகொண்டிருந்தன. பூங்காவில் இரவில் காவலுக்கு யார் இருப்பார்கள்? கண்ணாடியை உடைத்தார்கள், பாகங்களைத் திருடினார்கள். படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. விளக்கு நிலைக்க வேண்டுமென்றால் ஆள் புழங்கும் இடத்தில், யாராவது தினமும் அண்ணாந்து பார்க்கிற சுவரில் இருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன். நம் கட்டடத்துக்கு அப்படிப்பட்ட சுவர் இருக்கிறது. கீழே கடை, மேலே சங்கம், எதிரே பூக்கடை.

விடிகாலை ஐந்து மணிக்கு நம் அஞ்சடி எப்படி இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? துணிக்கடைகள் இரவு அடைத்துவிட்டால் லெபோ குயின் (குயின் தெரு) பக்கத்து அஞ்சடிகளில் பாதி கும்மிருட்டு. மாரியம்மன் கோயிலுக்கு முதல் பூசைக்கு வரும் வயதான அம்மாக்கள், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குச் சுபுஹு தொழப் போகிறவர்கள், பூக்கூடையை இறக்கும் பிள்ளைகள், எல்லோரும் கைப்பேசி வெளிச்சத்தில் படி பார்த்து நடக்கிறார்கள். ஒவ்வொரு கடைவீட்டுத் தரையும் ஒவ்வோர் உயரம். போன ஆண்டு நம் வாசல் படியில் ஓர் அம்மா இடறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது உங்களில் பலருக்குத் தெரியும்.

இந்தக் குடைகள் வெளிச்சத்தைக் கீழே கொட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. உள்வெள்ளை எனாமல்தான் அதன் பிரதிபலிப்பான். சுவரின் மேல் வெளிச்சம் அடிப்பது அதன் வேலை இல்லை. முகப்பு முழுக்கக் கீழிருந்து மேலாக வெள்ளை வெளிச்சம் அடித்தால் கட்டடம் அழகாகும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சுதை வேலைப்பாட்டின் நிழல்கள் எல்லாம் தட்டையாகிவிடுகின்றன, நடப்பவர் கண்ணும் கூசுகிறது. நம் ஊர்க் கடைவீட்டு முகப்புக்கு மங்கலான, மேலிருந்து வழிகிற வெளிச்சம்தான் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். மற்றச் சங்கத்தார் இதை உங்கள் வயர்மேனிடம் காட்டுங்கள்.

பழைய கம்பி, ஹோல்டர், சோக்கு அத்தனையும் வெளியே எடுக்க வேண்டும். ரப்பர் கம்பி வளைத்தாலே பொடிப்பொடியாக உதிரும் நிலையில் இருக்கிறது, அதில் மின்சாரம் விடுவது குற்றம். சோக்குப் பெட்டியில் இருக்கும் பழைய கபாசிட்டருக்குள் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். அதை உடைக்கவோ இரும்புக்கடையில் போடவோ கூடாது. சுற்றுச்சூழல் துறை அனுமதித்த கழிவு நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். குடையைச் சுவரோடு இணைக்கும் கழுத்துக் குழாயில் இருக்கும் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். ஈரத்துணியோடு, பிள்ளைகள் இல்லாத இடத்தில் செய்ய வேண்டிய வேலை. பீங்கான் ஹோல்டர்களை எறியாமல் எண் ஒட்டி வைத்துவிடுங்கள். பின்னாளில் யாராவது பழைய நிலைக்குத் திருப்ப நினைத்தால் உதவும்.

எர்த் கம்பியை யாரும் விட்டுவிடாதீர்கள். எனாமல் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது என்ற நம்பிக்கையில் சிலர் விட்டுவிடுகிறார்கள். குடைக்குப் பூச்சு இருக்கிறது, கழுத்தில் எனாமல் இல்லை, இரும்பாயிற்றே. வெளி விளக்குகளுக்குத் தனிச் சுற்று, அதற்கு மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஈஎல்சிபி. நம் மழைக்கு இது இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பல்பு விஷயம். வெளிச்சத்தின் நிற அளவு 2,700 கெல்வின், முடிந்தால் 2,200 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். பழைய குண்டு பல்பு ஏறக்குறைய 2,700 தான். 8 வாட் எல்இடி போதும். பல்பை எந்த ஆழத்தில் வைக்கிறோம் என்பது வாட்டைவிட முக்கியம். பழைய பல்பின் இழை குடைக்குள் எந்த உயரத்தில் இருந்ததோ, அந்த உயரத்தில்தான் எல்இடியும் இருக்க வேண்டும். பல்பு குடைக்கு வெளியே எட்டிப் பார்த்தால் வெளிச்சம் கண்ணில் குத்தும், குடையே வீணாகும். மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும் என்பது கூடுதல் லாபம். ஐந்து விளக்கு, இரவுக்கு 12 மணி நேரம் என்று போட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 14 யூனிட். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியை 14 மணி நேரம் ஓட்டும் கணக்கு. மின்கட்டணம் கட்டுப்படியாகாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது சுவரைப் பற்றி. ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்னால் இதே பகுதியில் வேறொரு பழைய கட்டடத்தில் நான் மாட்டிய விளக்கு ஒன்று கீழே விழுந்தது. விரியும் போல்ட் போட்டிருந்தேன். காரை தடிமனாக இருந்ததைத் தட்டிப் பார்க்கவில்லை, போல்ட்டின் பிடி செங்கல்லை எட்டாமல் காரையிலேயே முடிந்துவிட்டது. சுமத்ரா காற்று என்னும் திடீர்ப் புயல்காற்று ஒன்று இரவில் அடித்தது. அதிகாலை மூன்று மணிக்கு விளக்கும் கழுத்தும் ஒரு பாளம் காரையும் சேர்ந்து அஞ்சடி ஓரத்தில் விழுந்தன. பூ விற்கும் அம்மா பலகை போடும் இடம் அது. அவர் வருவது ஐந்து மணிக்கு. அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்கும். தவறு முழுக்க என்னுடையது.

அதற்குப் பிறகு நான் கணக்குப் போடாமல் சுவரைத் தொட்டதில்லை. நம் விளக்கு ஒன்று 12 கிலோ இருக்கிறது, வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். அதைச் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் வெளியே நீட்டி, 30 சென்டிமீட்டர் உயரமுள்ள தகட்டில் பொருத்தினால், மேல் போல்ட்டை வெளியே இழுக்கும் விசை மட்டும் 24 கிலோ. கழுத்தின் சொந்த எடை, காற்று எல்லாம் அதற்கு மேல். நம் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டிய மென்மையான செங்கல். அதில் விரியும் போல்ட்டை இறுக்கினால் செங்கல்லே பிளக்கும். சுவரை முழுக்கத் துளைத்து, உள்பக்கம் ஒரு தகடு கொடுத்து, போல்ட்டை இரண்டு பக்கமும் இறுக்குவதே என் முறை. சுற்றியுள்ள இடைவெளியைச் சுண்ணாம்பால்தான் மூட வேண்டும். சிமெண்ட் வைத்தால் சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்து, இரண்டு மழைக்காலத்தில் அந்த இடமே உதிரும். கேபிள் முகப்பில் தெரியக்கூடாது. அஞ்சடிக் கூரையின் உத்தரத்துக்குப் பின்னால் ஓட்டி, தகடு இருக்கும் இடத்தில் மட்டும் வெளியே எடுக்கலாம்.

விளக்கைத் தாங்கும் கை எவ்வளவு நீளலாம் என்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. நம் தெருவில் தேர் வரும். விஜயதசமிக்கு அம்மன் தேர் வரும்போது கலசத்தில் இடிக்கிற மாதிரி ஒரு விளக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தால் ஊர் நம்மை மன்னிக்காது. அஞ்சடியின் விளிம்பைத் தாண்டாமல், நாலு மீட்டர் உயரத்தில் நின்றால் போதும். தேர்ப் பாதையை நான் ஏற்கெனவே நாடா பிடித்து அளந்துவிட்டேன்.

அனுமதி வாங்காமல் எதுவும் வேண்டாம். 2008 சூலையில் மலாக்காவோடு சேர்ந்து நம் ஊர் உலகப் பாரம்பரியத் தளமானது, 2016-இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் இந்தத் தெருக்களுக்குப் பொருந்தும். முகப்பில் எதைப் பொருத்துவதாக இருந்தாலும் மாநகர் கழகத்தில் வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். வரைபடத்தை நான் போட்டுத் தருகிறேன்.

புதிதாக வார்த்த அலுமினிய விளக்குகள் கேட்டலாக்கில் பாதி விலைக்குக் கிடைக்கின்றன என்று பொருளாளர் கேட்டார். கிடைக்கின்றன. நாலு பக்கக் கண்ணாடி, தலையில் கிரீடம், பழைய இங்கிலாந்துத் தெருவில் நின்றது போன்ற சாயல். நம் தெருவுக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அசல் கையில் இருக்கும்போது அந்நியப் போலியை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? தீபாவளிக்கு வண்ண விளக்கு வேண்டும் என்று இளைஞர் பகுதி ஆசைப்படுவது நியாயமான ஆசை. வளைவுகளிலும் கைப்பிடிச் சுவரிலும் தாராளமாகக் கட்டுங்கள், நானே வந்து இணைப்புக் கொடுக்கிறேன். குடைக்குள் மட்டும் வேண்டாம்.

எந்த விளக்கு எங்கே என்றும் யோசித்துவிட்டேன். முகப்பில் நாலு. இடிந்த படி இருக்கும் பக்கச் சந்துக்கு ஒன்று, அங்கேதான் இருட்டு அதிகம். அதிகமாகத் துருப்பிடித்த ஆறாவதை உதிரிப் பாகத்துக்காக உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். நெளிந்த இடத்தை நிமிர்த்தவோ தெறித்த எனாமலை மறைக்கவோ வேண்டாம். துருவை நிறுத்தி, தெளிவான மெழுகு பூசினால் போதும். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, படம் எடுத்து, வாங்கிவந்த உறுப்பினர்களின் பெயரைச் சங்கப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அவர்கள் பெயர் இன்னும் இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு நினைவில் இருக்கிறது. இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

வேலைக்கு எனக்குக் கூலி வேண்டாம். கேபிள், போல்ட், ஈஎல்சிபி, சாரம் ஆகியவற்றுக்கான செலவுப் பட்டியலைச் செயலாளரிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன். உரிமம் உள்ள இளம் வயர்மேன் ஒருவர் என்னோடு நின்று செய்தால் நல்லது, அடுத்த 20 ஆண்டுக்கு இந்த விளக்குகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

குடைகளில் ஒன்றை ஏற்கெனவே சுத்தம் செய்து, கம்பி மாற்றி, சோதித்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குக் குழுவினர் அனைவரும் அஞ்சடிக்கு வாருங்கள். சுவரில் துளை போடாமல், மூங்கில் கம்பத்தில் கட்டி, நாலு மீட்டர் உயரத்தில் எரியவிட்டுக் காட்டுகிறேன். எந்த நாள் என்று செயலாளர் சொன்னால் போதும். ஏணியும் கம்பமும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர், ஓய்வுபெற்ற வயர்மேன்
ஜார்ஜ்டவுன், பினாங்கு